செயலி: ஓர் இகரத்தின் மூன்று பொருள்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் கண்மாய் நீர் வயலுக்கு, ஊருணி நீர் குடிப்பதற்கு. ஊருணி என்ற பெயர் ஊர், உண், இ எனப் பிரியும். ஊரார் உண்ணும் நீர்நிலை என்பதால், அதன் இறுதி இகரத்தைச் செயப்படுபொருள் விகுதி என்பர் இலக்கண நூலார். அந்த ஊருணியைத் தூர்வாரும் மண்வெட்டியின் இகரமோ கருவிப்பொருளில் வந்தது. நெருப்பைக் குறிக்கும் சேர்ந்தாரைக்கொல்லியில் அது வினைமுதற்பொருள். செயலைச் செய்வது, செயலுக்கு உள்ளாவது, செயலுக்குக் கருவியாவது என்ற மூன்றையும் ஓரெழுத்து விகுதி ஒன்றே சுமக்கிறது. கைபேசியில் நாம் நாளும் தொடும் ‘செயலி’ என்ற பெயரிலும் இந்த இகரம்தான் இருக்கிறது.

இந்தப் பெயர் கணினித் தமிழுக்குள் முதலில் வந்தது வேறு பொருளில். கணக்கீடுகளைச் செய்து முடிக்கும் சில்லை நுண்செயலி என்றார்கள். கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளைச் சொற்செயலி என்றார்கள். 2008இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது. ஆண்ட்ராய்டின் முதல் கைபேசியும் அதே ஆண்டில் விற்பனைக்கு வந்தது. ‘ஆப்’ என்பதற்குத் தமிழ் தேவைப்பட்டபோது செயலி அந்த இடத்துக்கு நகர்ந்தது. சில்லுக்கும் ஒருவகை மென்பொருளுக்கும் இருந்த பெயர் கைபேசி மென்பொருளின் பொதுப்பெயராயிற்று.

மண்வெட்டியில் இகரம் வெட்டு என்ற வினையடியை ஒட்டி நிற்கிறது. செயலியிலோ செயல் என்ற பெயர்ச்சொல்லை ஒட்டி நிற்கிறதே என்று கேட்கலாம். செயல் என்பதே செய் என்னும் வினையோடு அல் விகுதி சேர்ந்த தொழிற்பெயர்தான். வேரில் வினை இருப்பதால், அதன் வினைமுதல் யார் என்ற கேள்வி இங்கேயும் எழுகிறது.

சி மொழியில் எழுதிய பழைய பாணி நிரல் ‘மெயின்’ என்ற இடத்தில் தொடங்கித் தன் போக்கில் ஓடி முடியும். அது முழு வினைமுதல். ஆண்ட்ராய்டுச் செயலிக்கு அந்த உரிமை இல்லை. அதன் ஒவ்வொரு திரையையும் எழுப்புவதும் நிறுத்துவதும் இயங்குதளம். ஆன்கிரியேட், ஆன்ஸ்டார்ட், ஆன்ரெஸ்யூம், ஆன்பாஸ், ஆன்ஸ்டாப், ஆன்டெஸ்ட்ராய் என்ற ஆறு முதன்மை வாயில்களில் அது வந்து அழைக்கும். நிரலர் எழுதி வைப்பது இத்தகைய அழைப்புகளுக்கான மறுமொழியை மட்டுமே.

மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் நின்றபடி ஒருவர் கைபேசிச் செயலியில் நெல்லைக்குப் பயணச்சீட்டு எடுக்கிறார். பெயர், வயது, இருக்கை என எழுதிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து அழைப்பு வந்து திரையை மூடுகிறது. ஆன்பாஸ், அடுத்து ஆன்ஸ்டாப். அவர் பேசிக்கொண்டிருக்கையில் நினைவகம் போதாமல் போனால், பின்னணியில் கிடக்கும் செயலியை இயங்குதளம் ஒரேயடியாக முடித்துவிடும். அப்போது ஆன்டெஸ்ட்ராய் அழைக்கப்படும் என்ற உறுதி கிடையாது. கைபேசியைச் சாய்த்துப் பிடித்தாலும், வேறு ஏற்பாடு செய்யாதவரை, திரை அழிக்கப்பட்டுப் புதிதாகப் பிறக்கும்.

அந்தச் சில நிமிடங்களுக்குள் இகரத்தின் மூன்று பொருளும் வந்து போயின. பயணிக்குச் செயலி மண்வெட்டியைப் போலக் கருவி. இருக்கையைத் தேடி விலையைக் கணக்கிட்ட நேரத்தில் அது வினைமுதல். இயங்குதளம் நிறுத்தியபோது ஊருணியைப் போலச் செயப்படுபொருள்.

நிரலெழுதப் பழகும் மாணவர்களுக்கு இதை இலக்கணத்தின் வழியே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஊருணியும் மண்வெட்டியும் தெரிந்த பிள்ளைகளுக்கு இது கடினமே அல்ல. செயலி என்றதும் ‘செய்வது’ என்று மட்டும் எண்ணுகிறவர், முடிவும் தன் கையில் இருப்பதாக நம்பிச் சேமிக்கும் வேலையை ஆன்டெஸ்ட்ராய்க்குத் தள்ளிவைப்பார். ‘செய்யப்படுவது’ என்ற பொருளையும் அறிந்தவர் முன்கூட்டியே காத்துக்கொள்வார். ஆன்பாஸ் நொடிப்பொழுதில் முடிந்துவிடும் என்பதால் அங்கே பெரிய வேலை வைக்கமாட்டார். நிலையாகச் சேமிக்க வேண்டியதை ஆன்ஸ்டாப்பில் எழுதுவார். திரையில் பாதி நிரப்பிய படிவத்தை ஆன்சேவ்இன்ஸ்டன்ஸ்ஸ்டேட் என்ற இன்னோர் அழைப்பிடம் ஒப்படைப்பார். அப்படி எழுதிய செயலியில், பேசி முடித்துத் திரும்பும் பயணி தன் பெயரை இரண்டாம் முறை எழுத வேண்டியிருக்காது.