அந்தியோக்கியாவின் பந்தியில் இரு திருத்தூதர்கள்

திருத்தூதர்களை நாம் பெரும்பாலும் சுரூபங்களின் வழியாகவே அறிந்திருக்கிறோம். பேதுருவின் கையில் திறவுகோல். பவுலின் கையில் வாள். ஜூன் 29ஆம் நாள் இருவருக்கும் ஒரே பெருவிழா. 'இராயப்பர், சின்னப்பர்' என்று நம் முன்னோர் இரு பெயர்களையும் இணைத்தே சொல்லி வந்தனர். ஆயினும் இவ்விருவரும் நேருக்கு நேர் சந்தித்த நிகழ்ச்சிகளை விவிலியத்தில் தேடிப் படிக்கும்போது, அவற்றுள் ஒன்று நம்மைத் திகைக்க வைக்கிறது. கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் 2ஆம் அதிகாரம் 11 முதல் 14 வரையுள்ள வசனங்களில், பேதுருவை எல்லார் முன்னிலையிலும் தாம் எதிர்த்துக் கண்டித்ததாகப் பவுலே எழுதுகிறார். இந்த நான்கு வசனங்களைத் திருச்சபை எவ்வாறு படித்து வந்துள்ளது என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம்.

நடந்தது என்ன?

நிகழ்ச்சி நடந்த இடம் சிரியா நாட்டு அந்தியோக்கியா. ஒரோந்தஸ் ஆற்றங்கரையில் அமைந்த அம்மாநகர், உரோமைப் பேரரசில் உரோமைக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டது. இயேசுவின் சீடர்கள் முதன்முதலாகக் 'கிறிஸ்தவர்கள்' என்னும் பெயரைப் பெற்றதும் அங்கேதான் (திப 11:26). அந்தச் சபையின் தலைவர்களாகத் திருத்தூதர் பணிகள் நூல் குறிப்பிடும் ஐவரைப் பாருங்கள் (திப 13:1): சைப்பிரசைச் சேர்ந்த லேவியரான பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேன் ஊராரான லூக்கியு, குறுநில மன்னன் ஏரோதுவுடன் வளர்ந்த மனாயீன், தர்சு நகரத்துச் சவுல். ஊராலும் பின்னணியாலும் வேறுபட்டவர்கள் கூடி வாழ்ந்த சபை அது.

அச்சபையில் யூதரும் பிற இனத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். உணவு பற்றிய திருச்சட்டத்தின் கட்டளைகளைக் கண்ணெனப் போற்றிய யூதருக்கு இது எளிதன்று. யாருடன் அமர்ந்து உண்பது, யாருடைய கையால் உண்பது என்பவற்றின் கனம் எத்தகையது என்பதைத் தமிழ் மண்ணில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கு வந்த பேதுருவும் முதலில் எல்லாருடனும் சேர்ந்தே உண்டார். ஆனால் எருசலேமிலிருந்து யாக்கோபின் சார்பில் சிலர் வந்ததும், விருத்தசேதனத்தை வலியுறுத்தியோருக்கு அஞ்சி விலகிக்கொண்டார். அவரைக் கண்டு மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் எழுந்துவிட்டனர். பர்னபாவும்கூட அவர்களோடு இழுபட்டுப் போனார். அந்தக் கடைசிச் செய்தியை எழுதும்போது பவுலின் நெஞ்சு எவ்வளவு வலித்திருக்கும்! அவரை அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்தவரே பர்னபாதான்.

இந்நிகழ்ச்சி கி.பி. 49ஐ ஒட்டி நடந்திருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கணிப்பு. இதற்குச் சற்று முன்னர்தான் யாக்கோபும் கேபாவும் யோவானும் பவுலுக்கும் பர்னபாவுக்கும் வலக்கை கொடுத்துத் தோழமை காட்டியிருந்தனர் (கலா 2:9). யோப்பாவில் விரிப்பு இறங்கிய காட்சியைக் கண்டவரும், செசரியாவில் கொர்னேலியுவின் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே சென்றவரும், பிற இனத்தாரோடு உண்டதற்காக எருசலேமில் எழுந்த குற்றச்சாட்டுக்குத் துணிவுடன் பதில் கூறியவரும் இதே பேதுருவே (திப 10, 11). அவருக்குக் கொள்கை தெரியாமல் இல்லை. தெரிந்த கொள்கைப்படி அந்தப் பொழுதில் நடக்க இயலவில்லை. இது நடத்தையில் நேர்ந்த குறையே அன்றிப் போதனையில் நேர்ந்ததன்று எனத் தெர்த்துல்லியன் கி.பி. 200ஐ ஒட்டியே எழுதினார்.

பேதுருவின் நிலையையும் நாம் நேர்மையுடன் எண்ணிப் பார்க்க வேண்டும். யூதரிடையே நற்செய்தி அறிவிக்கும் பொறுப்பு அவருடையது. அவர் எங்கே, யாருடன் உண்கிறார் என்னும் செய்தி எருசலேம் சபைக்குத் தொல்லை விளைவிக்கக்கூடும். சமாதானம் காக்க வேண்டும் என்றே அவர் எழுந்திருக்கலாம். ஆனால் அந்தச் சமாதானத்தின் விலையைக் கொடுத்தவர்கள் யார்? பந்தியில் தனியே விடப்பட்ட பிற இனத்துச் சகோதரர்கள். இதைத்தான் நற்செய்தியின் உண்மைக்கு ஏற்ற நடத்தையன்று எனப் பவுல் கண்டார்.

இரு நூல்கள், இரு நோக்கங்கள்

இந்நிகழ்ச்சி திருத்தூதர் பணிகள் நூலில் இல்லை. கலாத்தியர் திருமுகம் 50களில், தம் பணியின் உரிமை கேள்விக்குள்ளானபோது, பவுல் கொதித்து எழுதிய மடல். லூக்காவோ ஒரு தலைமுறை கழித்து, எருசலேமில் தொடங்கிய நற்செய்தி உரோமை வரை சென்றடைந்த வரலாற்றைக் கோவையாக எழுதுகிறார். அவரும் பிணக்குகளை மறைப்பவர் அல்லர். மாற்கு எனப்படும் யோவானை உடன் அழைத்துச் செல்வது குறித்துப் பவுலும் பர்னபாவும் கடுமையாக வேறுபட்டுப் பிரிந்ததைப் பதிவு செய்திருக்கிறார் (திப 15:39). ஒரு நூலைக் கொண்டு மற்றொன்றின் வாயை அடைக்காமல், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும்போதுதான் திருத்தூதர்களின் உருவம் தெளிவு பெறுகிறது.

தப்பிக்கும் வழிகள்

இந்த நான்கு வசனங்கள் பண்டைத் திருச்சபையைப் பெரிதும் இடர்ப்படுத்தின. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன், பவுல் ஒருவரே உண்மைத் திருத்தூதர் எனக் காட்ட இவற்றைப் பயன்படுத்தினார். மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்த மெய்யியலாளர் போர்பிரி, பேதுரு தவறினார், பவுல் வரம்பு மீறினார் என இருவரையும் ஒருங்கே இகழ்ந்தார். எனவே மறைநூல் அறிஞர்கள் தப்பிக்கும் வழிகளைத் தேடினர். இங்குக் குறிப்பிடப்படும் கேபா திருத்தூதர் பேதுரு அல்லர், எழுபது சீடருள் அப்பெயர் கொண்ட வேறொருவர் என்றார் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து. இருவரும் பிறருக்குப் பாடம் புகட்டுவதற்காக முன்கூட்டியே உடன்பட்டு நடத்திய ஏற்பாடு இது என்பது ஒரிஜன் வழிவந்த விளக்கம். அந்தியோக்கியாவிலேயே மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோமும் இக்கருத்தை ஏற்றார். புனித எரோணிமுசும் 380களில் கலாத்தியர் திருமுகத்துக்கு எழுதிய விளக்கவுரையில் இதையே பின்பற்றினார்.

அதைப் படித்துக் கலங்கியவர் ஹிப்போ நகரில் அப்போது குருவாக இருந்த புனித அகுஸ்தினார். ஏறத்தாழ 395இல் அவர் எரோணிமுசுக்கு ஒரு மடல் எழுதினார். அதை எடுத்துச் செல்ல வேண்டியவர் ஆயராக்கப்பட்டதால் மடல் போய்ச் சேரவில்லை. பின்னர் எழுதிய மற்றொரு மடல், பெத்லகேமில் இருந்த எரோணிமுசின் கைக்குக் கிடைக்குமுன் இத்தாலியில் பலர் கைகளில் உலவியது. எரோணிமுசு மனம் புண்பட்டதில் வியப்பில்லை. 404இல் அவர் காரமாக மறுமொழி எழுதினார். தமக்கு முன் இருந்த பெரியோரின் பெயர்களை வரிசைப்படுத்தினார். அடுத்த ஆண்டு அகுஸ்தினார் பணிவோடு, ஆனால் விட்டுக்கொடுக்காமல் பதில் எழுதினார்.

அகுஸ்தினாரின் வாதம் எளிமையானது. தாம் எழுதுவது பொய்யன்று எனக் கடவுள் முன்னிலையில் பவுல் உறுதி கூறுகிறார் (கலா 1:20). அதே மடலில் ஒரு நாடகத்தை உண்மைபோல் எழுதினார் என்று நாம் ஒத்துக்கொண்டால், மறைநூலின் எந்த வரியைத்தான் நம்புவது? நமக்குப் பிடிக்காத ஒவ்வொரு வசனத்தையும் நல்ல நோக்கமுள்ள பொய் என்று ஒதுக்கிவிடலாமே! பேதுருவின் பெருமையைக் காப்பதாக எண்ணி இறைவார்த்தையின் நம்பகத்தைக் குலைத்துவிடக் கூடாது என்பதே அவர் கவலை.

அத்தோடு அவர் நிற்கவில்லை. பேதுருவின் உண்மையான பெருமை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டினார். தமக்குப் பின் வந்த ஒருவர் எல்லார் முன்னிலையிலும் திருத்தியபோது அதைத் தாழ்மையோடு ஏற்பது, துணிந்து கண்டிப்பதைவிட அரிய நற்பண்பு என்றார். எரோணிமுசும் 415இல் பெலாஜியரை மறுத்து எழுதிய நூலில் பேதுரு கண்டிக்கப்பட்டதை உண்மை நிகழ்ச்சியாகவே கையாண்டார். அவர் தம் கருத்துக்கு வந்துவிட்டதாகவே அகுஸ்தினார் கொண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், விசுவாசத்துக்கு இடர் நேரும்போது தலைவர்களையும் திருத்தலாம் என்பதற்கு இந்நிகழ்ச்சியையே சான்று காட்டினார்.

பதில் எழுதப்படாத கதை

பேதுரு என்ன பதில் சொன்னார் எனப் பவுல் எழுதவில்லை. அன்று மாலை அந்தப் பந்தி மீண்டும் கூடியதா என்பதும் எழுதப்படவில்லை. ஆனால் பின்வந்த தடயங்கள் உள்ளன. கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் கேபாவையும் பர்னபாவையும் கசப்பின்றிக் குறிப்பிடுகிறார் (1 கொரி 9:5-6). பேதுருவின் பெயரால் அமைந்த இரண்டாம் திருமுகம் பவுலை அன்புச் சகோதரர் என அழைக்கிறது (2 பேது 3:15). இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அதே அந்தியோக்கியாவின் ஆயரான புனித இஞ்ஞாசியார், மறைசாட்சி மரணத்தை நோக்கிச் செல்லும் வழியில் உரோமையருக்கு எழுதிய மடலில், பேதுருவையும் பவுலையும் ஒன்றாகவே குறிப்பிடுகிறார். பிணக்கு நிகழ்ந்த நகரின் ஆயரே இரு பெயர்களையும் சேர்த்துச் சொன்னார் என்பது நம் உள்ளத்தைத் தொடுகிறது. 354ஆம் ஆண்டு உரோமைத் தொகுப்பில் இருவரின் நினைவும் ஜூன் 29க்கே குறிக்கப்பட்டுள்ளது. இன்று துருக்கியில் அந்தாக்கியா என வழங்கும் அந்நகரில், 2023 பிப்ரவரி 6ஆம் நாள் நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்த ஆர்த்தடாக்ஸ் ஆலயமும் இவ்விருவர் பெயரையும் சேர்த்தே தாங்கியிருந்தது.

நம் வாசிப்புக்கு

இந்த வரலாறு நமக்கு ஏன்? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுப்பப்பட்ட ஆலயம், சாதிக்கு ஒரு பக்கமாக மக்கள் பிரிந்து நிற்கும்படி அமைக்கப்பட்டது. நடுவே நின்ற தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. தடுப்பை எழுப்பியவர்களும் ஊர்ச் சமாதானத்தை எண்ணியே எழுப்பியிருக்கலாம். அந்தியோக்கியாவில் பந்தியை விட்டு எழுந்தவர்களும் அவ்வாறே எண்ணியிருக்கலாம். கல்லறைத் தோட்டத்திலும் திருவிழாத் தேரோட்டத்திலும் அன்பின் விருந்திலும் 'இப்போதைக்கு அமைதி போதும்' என்று நாம் சொல்லும்போது, அந்த அமைதிக்காக வெளியே நிறுத்தப்படுவோர் யார் என்னும் பவுலின் கேள்வி நம்மையும் நோக்கி எழுகிறது.

மறைநூல் ஆசிரியர்கள் சொல்லக் கருதியது யாது என்பதைக் கவனமாகத் தேட வேண்டுமென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் வலியுறுத்தியது. அன்பியக் கூட்டங்களில் திருத்தூதர் பணிகள் 10, 11, 15 ஆகிய அதிகாரங்களையும் கலாத்தியர் முதல் இரண்டு அதிகாரங்களையும் ஒருசேரப் படித்துப் பார்க்கலாம். ஆசிரியர் ஒவ்வொருவரும் எதற்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் எனக் கேட்டுக் கேட்டுப் படித்தால், சுரூபங்களில் அசையாது நிற்கும் இருவரும் அஞ்சியும் சினந்தும் திருந்தியும் ஆண்டவரைப் பின்சென்ற மனிதர்களாக நம்முன் நடந்து வருவார்கள். தன் முதல் தலைவரின் தவற்றைத் தன் திருநூலிலேயே வைத்துக் காத்த திருச்சபை, அதைத் தலைமுறை தலைமுறையாக வழிபாட்டில் வாசித்தும் வருகிறது. அவ்வாசகத்தைக் கேட்கும் நாம், நம் பந்தியில் யார் இன்னும் தனியே உண்கிறார்கள் என்று சுற்றிலும் பார்ப்போமாக.