நாற்பது சைஸ் வரைக்கும்...

மயிலாப்பூர், அடையாறு பக்கம் எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கண்ணில் படும். 1961-இல் மெட்ராஸிலேயே தயாராகத் தொடங்கிய கார். அந்த நிறுவனம் கார் தயாரிப்பை நிறுத்தியே 1988 ஆகிவிட்டது. பிறகு எப்படி ஓடுகிறது?

பெரும் பங்கு பிஸ்டனுக்கு. சுதந்திரத்துக்கு முன் பிஸ்டன் கப்பலில்தான் வந்தது. 1949-இல் அனந்தராமகிருஷ்ணனின் அமால்கமேஷன்ஸ் குழுமம், இங்கிலாந்தின் வெல்வொர்த்தி துணையோடு செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் ஆலையைத் தொடங்கியது. 1953-இல் அரசு, உதிரி பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்க வேண்டும் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. அந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டை இன்று எல்லோரும் திட்டுகிறார்கள். ஒரு காருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்கள் திட்டுவது நியாயம்தான். ஆனால் வாங்கிய காரைத் தூக்கிப் போடாமல் ஓட்ட வழி செய்ததும் அதே கொள்கைதான்!

ஹெரால்டின் 948 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 63 மி.மீ. அகலம். ஓட ஓடச் சுவர் தேய்ந்து துளை கோணலாகும். வண்டி ஆயில் குடிக்கும், புகை கக்கும். அப்போது லேத் பட்டறையில் ரீபோர் செய்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவார்கள். "இருபது சைஸ்" என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, சுமார் அரை மி.மீ. அடுத்து முப்பது, நாற்பது...

இதில் அவசரம் கூடாது. நல்ல மெக்கானிக் முதலில் பிஸ்டனைக் கையில் வாங்கி அளந்துவிட்டுத்தான் துளையைக் கடையச் சொல்வார். அலுமினியம், வார்ப்பிரும்பைப் போலச் சுமார் இரண்டு மடங்கு விரியும். இடைவெளி குறைந்தால் சூடேறியதும் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிடும், அதிகமானால் தடதடக்கும். ரிங்கையும் தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். சூட்டில் முனைகள் முட்டினால் ரிங் உடையும், சுவரையும் கீறும்.

இங்கே தயாராகாத கார்களின் சொந்தக்காரர்கள் பாடு திண்டாட்டம். அகலம் பொருந்தினால் பின் பொருந்தாது, பின் பொருந்தினால் உயரம் பொருந்தாது.

நாற்பதும் தாண்டிவிட்டால்? துளையை இன்னும் பெரிதாக்கி, உள்ளே ஒரு ஸ்லீவை இறக்கிக் கடைந்தால், மறுபடி 63-இலிருந்து தொடங்கலாம்.