ஓட்டுநரும் நடத்துநரும்

இருபதாம் நூற்றாண்டின் நடுவே லண்டன் மாநகரில் ஓடிய மாடிப் பேருந்துகளில் இருவர் பணி புரிந்தனர். ஓட்டுநர் பணிநேரம் முழுவதும் ஆசனத்தில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டு வழங்குவதற்காக ஓயாது ஏறி இறங்குவார். நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை! இருவருக்கும் நிறுவனம் ஒன்றே. வாழ்க்கை நிலையும் ஏறக்குறைய ஒன்றே. மருத்துவ வரலாற்றில் இவ்விருவருக்கும் உரிய இடத்தை மாணவ நேயர்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் மாரடைப்பு பெருகியது, காரணம் விளங்கவில்லை. ஜெரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், மனிதன் செய்யும் தொழிலில் விடை இருக்கலாம் என எண்ணி, 1949-இல் ஆய்வைத் தொடங்கினார். லண்டன் போக்குவரத்து ஊழியர் சுமார் 31,000 பேரின் நோய்க் குறிப்புகள் ஆராயப்பட்டன. 1953-இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியாயிற்று. நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாக இருந்தது. நோயுற்ற பின் விரைவில் மாண்டோரும் அவர்களுள் குறைவே. நடந்தும் சைக்கிளில் சென்றும் கடிதம் வழங்கிய தபால்காரர்களை, மேசை முன் அமர்ந்த எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் இதே உண்மை புலப்பட்டது.

ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. பருத்த உடலினர்தாமே ஓட்டுநர் வேலையை நாடியிருக்கலாம் அல்லவா? மாரிஸ் குழுவினர் அதனை ஒதுக்கிவிடவில்லை. சீருடை தைக்கக் குறித்து வைத்த இடுப்பளவுகளைத் தேடி எடுத்தனர். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகவே இருந்தது. 1956-இல் அதனை மறைக்காமல் வெளியிட்டனர். ஆனால் மெலிந்தோராயினும் பருத்தோராயினும், ஒத்த உடலமைப்புள்ள ஓட்டுநரை விட நடத்துநருக்குத் திடீர் மரணம் குறைவு என்பதும் தெளிவாயிற்று. தன் முடிவைத் தானே ஐயுற்றுச் சோதிப்பதே அறிவியலின் அறம் என நான் கருதுகிறேன்.

உழைப்பைப் போன்றே உணவுக்கும் இவ்வாற்றல் உண்டா? சீனாவின் தாச்சிங் நகரில், இரத்தத்தில் சர்க்கரை சற்று மிகுந்தும் நீரிழிவு தோன்றாத 577 பேரைக் கொண்டு 1986-இல் ஓர் ஆய்வு தொடங்கிற்று. ஆறு ஆண்டுகளில், தனிப்பயிற்சி பெறாதோருள் நூற்றுக்குச் சுமார் 68 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவு முறையையோ, உடற்பயிற்சியையோ, இரண்டையுமோ கைக்கொண்ட பிரிவுகளில் அத்தொகை 41 முதல் 46 வரையே.

இவற்றால் நோய் அடியோடு ஒழிந்துவிட்டது என்று நான் கூறவில்லை. பயின்றவருள்ளும் பலர் நோயுற்றனர். ஆனால் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் அதனைத் தவிர்த்தனர் அல்லது தள்ளிப்போட்டனர். விலையுயர்ந்த மருந்து எதுவும் அவர்களைக் காக்கவில்லை. அளவறிந்த உணவும் அன்றாட நடையுமே காத்தன. அவை இளமையிலேயே பழக்கமாகிவிட்டால், முதுமையில் புதிதாகக் கற்க வேண்டுவதில்லை.