புரோட்டமின்: மீனின் விந்திலிருந்து அறுவை அரங்குக்கு

புரோட்டமின் என்பது சால்மன் இன மீன்களின் விந்தணுவிலிருந்து பிரித்தெடுக்கப்படும் ஒரு சிறிய புரதம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் என்னும் மருந்தின் வேலையை நிறுத்துவதற்கு இதன் சல்பேட் உப்பு பயன்படுகிறது. இதய அறுவையின் முடிவிலும், பல இரத்த நாள அறுவைகளின் முடிவிலும் இது நோயாளிக்கு ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது. 1874இல் கண்டறியப்பட்ட இப்பொருள், 60 ஆண்டுகளுக்கும் மேலாக மருத்துவப் பயன் ஏதுமின்றி ஆய்வகத்திலேயே இருந்தது.

மீஷரும் ரைன் ஆற்றுச் சால்மனும்

பிரீடரிக் மீஷர் 1844இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். மருத்துவம் படித்தவர். இளமையில் வந்த காய்ச்சலால் காது மந்தமானது. நோயாளியின் மார்பில் காதை வைத்துக் கேட்க வேண்டிய தொழில் தமக்கு ஒத்துவராது என்று கருதி, உடலியல் வேதியியல் ஆய்வுக்குத் திரும்பினார். 1869இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில், மருத்துவமனையில் கழித்துப் போட்ட கட்டுத்துணிகளின் சீழிலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, அவற்றின் உட்கருவில் பாஸ்பரஸ் மிகுந்த புதிய பொருள் ஒன்றைக் கண்டார். அதற்கு நியூக்ளின் என்று பெயரிட்டார். இன்று டி.என்.ஏ. என்று நாம் அறிவது அதுவே.

பாசெலுக்குத் திரும்பிய மீஷருக்குச் சீழைவிட நல்ல மூலப்பொருள் கிடைத்தது. கடலில் வளர்ந்த சால்மன் மீன்கள் இனப்பெருக்கத்துக்காக ரைன் ஆற்றில் எதிர்நீச்சலடித்து பாசெல் வரை வருவது அக்காலத்து வழக்கம். ஆற்றுக்குள் வந்தபின் இவை இரை எடுப்பதில்லை. உடலின் தசையைக் கரைத்தே முட்டையையும் விந்தையும் வளர்க்கின்றன. விந்தணுவின் தலை முழுவதும் ஏறத்தாழ உட்கருவே என்பதால் ஆய்வுக்கு அது மிகவும் ஏற்றது. வெப்பத்தில் நியூக்ளின் கெட்டுவிடும் என்பதால், குளிர்காலத்தில், சூடேற்றாத அறையில் மீஷர் வேலை செய்தார். விந்தணுத் தலையில் நியூக்ளினுடன் காரத்தன்மை கொண்ட வேறொரு பொருளும் இணைந்திருப்பதை அங்கே கண்டார். 1874இல் அதற்குப் புரோட்டமின் என்று பெயர் வைத்தார். 1895இல், தம் 51ஆம் வயதில், காசநோயால் டாவோஸ் நகரில் காலமானார். தாம் கண்ட இரண்டு பொருள்களில் எதுவும் மருத்துவத்துக்கோ உயிரியலுக்கோ என்ன தரப்போகிறது என்பதை அவர் காணவில்லை.

ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரெக்ட் கொசெல் அடுத்த கட்ட ஆய்வை மேற்கொண்டார். வெவ்வேறு மீன்களின் புரோட்டமின்களை ஒப்பிட்டு, அவற்றில் ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலம் மிகுந்திருப்பதைக் காட்டினார். சால்மன் புரோட்டமினில் 32 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றில் 21 ஆர்ஜினின். ஆர்ஜினின் நேர்மின்னேற்றம் உடையது. பின்னாளில் இதன் மருத்துவப் பயனுக்கு இதுவே அடிப்படை ஆயிற்று. உயிரணு வேதியியலில் செய்த பணிகளுக்காக 1910இல் கொசெல் நோபல் பரிசு பெற்றார்.

இரத்த நாள அறுவை சந்தித்த தடை

1894இல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். கல்லீரலுக்குச் செல்லும் பெரிய சிரை அறுபட்டிருந்தது. அறுபட்ட நாளத்தைத் தைத்துச் சேர்க்கும் வழி அன்றைய மருத்துவர்களிடம் இல்லை. அந்நகரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரெல் இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தார். பூத்தையல் செய்யும் பெண் ஒருவரிடம் நுண்ணிய ஊசியையும் நூலையும் கையாளக் கற்றார். நாளத்தின் விளிம்பை மூன்று இடங்களில் பிடித்து முக்கோணமாக இழுத்துத் தைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

தையல் முறை கிடைத்தும் நாள அறுவை உடனே பரவவில்லை. தைக்கும்போது நாளத்தைக் கவ்வியால் அடைத்து இரத்த ஓட்டத்தை நிறுத்த வேண்டும். ஓடாமல் தேங்கிய இரத்தம் உறைகிறது. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் உள்ளே உறைகட்டி அடைத்துவிட்டால் கை காலுக்கு இரத்தம் போகாது.

இதற்கு விடை தற்செயலாக வந்தது. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருளைத் தேடியபோது, அதற்கு நேர்மாறாக உறைதலைத் தடுக்கும் பொருளைக் கண்டார். அவருடைய ஆசிரியர் வில்லியம் ஹோவெல், கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு 1918இல் ஹெப்பாரின் என்ற பெயரை வழங்கினார். கனடாவின் டொரண்டோவிலும் சுவீடனின் ஸ்டாக்ஹோமிலும் இது தூய்மைப்படுத்தப்பட்டு, 1930களின் நடுவில் மனிதருக்குக் கொடுக்கப்பட்டது.

ஆனால் ஹெப்பாரின் ஒரு சிக்கலைத் தீர்த்து இன்னொன்றை உண்டாக்கியது. அறுவை முடிந்ததும் தையல் துளைகளும் வெட்டுக் காயமும் உறைந்து மூட வேண்டும். செலுத்திய ஹெப்பாரினின் அளவு பாதியாகக் குறையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கசிவு நிற்காது.

1937: இரு ஆய்வுகளின் சந்திப்பு

இந்நிலையில்தான் மீஷரின் புரோட்டமின் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. முதலில் அது சர்க்கரை நோய்க்குப் பயன்பட்டது. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஹாகெடார்ன், மீன் புரோட்டமினுடன் இன்சுலினைச் சேர்த்தால் அது மெதுவாகக் கரைந்து நீண்ட நேரம் வேலை செய்வதை 1936இல் அறிவித்தார். அவர் பெயரைத் தாங்கிய என்.பி.எச். இன்சுலின் 1946இல் உருவானது. இந்தியாவில் பலர் போட்டுக்கொள்ளும் 30/70 கலவை இன்சுலின் பால்போல் கலங்கித் தெரிவதற்குக் காரணம் அதிலுள்ள இந்தப் பகுதியே.

1937இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எர்வின் சார்காப், கென்னத் ஓல்சன் ஆகியோர், புரோட்டமின் ஹெப்பாரினின் விளைவை நீக்குவதை விலங்குச் சோதனையில் காட்டினர். பிற்காலத்தில் இதே சார்காப் டி.என்.ஏ.யில் அடினின் அளவும் தைமின் அளவும் சமம், குவானின் அளவும் சைட்டோசின் அளவும் சமம் என்ற விதியைக் கண்டார். சால்மன் விந்தில் மீஷர் ஒன்றாகக் கண்ட இரு பொருள்களின் வரலாற்றிலும் இவ்வாறு அவர் பெயர் இடம்பெற்றது.

செயல்படும் விதம்

ஹெப்பாரின் மிகுந்த எதிர்மின்னேற்றம் உடைய நீண்ட சர்க்கரைச் சங்கிலி. புரோட்டமின் மிகுந்த நேர்மின்னேற்றம் உடையது. இரண்டும் சேர்ந்ததும் ஒன்றையொன்று இறுகப் பற்றி, செயலற்ற உப்பாக மாறுகின்றன. விந்தணுவில் எதிர்மின்னேற்றமுள்ள டி.என்.ஏ.யை இறுக்கிச் சுருட்டி வைப்பதே புரோட்டமினின் இயற்கையான வேலை. அதே ஈர்ப்புதான் இங்கும் உதவுகிறது. ஏறத்தாழ 100 அலகு ஹெப்பாரினுக்கு 1 மில்லிகிராம் புரோட்டமின் என்பது பொதுக் கணக்கு. அளவு மிகுந்தால் புரோட்டமினே உறைதலைக் குறைக்கும் என்பதால் கணக்கு தவறக்கூடாது.

1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையால் 18 வயதுப் பெண்ணின் இதயத் துளையை மூடினார். இவ்வியந்திரத்தின் குழாய்களில் ஹெப்பாரின் இன்றி இரத்தம் ஓட முடியாது. இத்தகைய அறுவை உலகெங்கும் பரவியபோது, இறுதியில் புரோட்டமின் கொடுப்பதும் வழக்கமாயிற்று.

ஆபத்துகளும் கருத்து வேறுபாடும்

வேகமாகச் செலுத்தினால் இரத்த அழுத்தம் திடீரென விழும். ஆகவே இதை மெதுவாகவே கொடுக்கின்றனர். சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம். புரோட்டமின் கலந்த இன்சுலினை நெடுநாள் போட்டுக்கொண்டவர்களுக்கும் மீன் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல். அறுவைக்கு முன் இவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம்.

கழுத்துத் தமனியின் அடைப்பை அகற்றும் அறுவையில் புரோட்டமின் கொடுக்கலாமா என்பதில் நெடுநாள் கருத்து வேறுபாடு நிலவியது. கொடுக்காவிட்டால் கழுத்தில் இரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தலாம். கொடுத்தால் புதிதாகத் தைத்த இடத்தில் உறைகட்டி உண்டாகி மூளைக்குச் சென்று பக்கவாதம் வரலாம் என்று பலர் அஞ்சினர். இந்த நூற்றாண்டில் ஏராளமான நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள், புரோட்டமின் பெற்றவர்களிடம் கடும் இரத்தக்கசிவு குறைந்ததையும், பக்கவாதம் கூடவில்லை என்பதையும் காட்டின.

மீனின் நிலை

அணைகளாலும் கழிவுகளாலும் ரைன் ஆற்றில் சால்மன் 1950களில் அற்றுப்போனது. 1986இல் பாசெலுக்கு அருகே இரசாயனக் கிடங்கு ஒன்றில் பிடித்த தீ, ஆற்று மீன்களைப் பெருமளவில் அழித்தது. அதன்பின் ரைன் கரை நாடுகள் சால்மனை மீண்டும் கொண்டுவரத் திட்டமிட்டு, குஞ்சுகளை விட்டு வருகின்றன. அணைகளில் மீன் ஏறும் வழிகளையும் அமைக்கின்றன.

இப்போது மருந்துக்கான விந்து பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் சால்மன் மீன்களிடமிருந்து கிடைக்கிறது. உணவுக்காகப் பிடிக்கும் மீனின் துணைப்பொருள் அது. மீனைச் சாராத மாற்று மருந்துகளைக் கண்டறியப் பல முயற்சிகள் நடந்துள்ளன. அவற்றில் எதுவும் இன்னும் புரோட்டமினின் இடத்தைப் பிடிக்கவில்லை. எனவே மனித இதயத்தைத் திறந்து மூடும் அறுவை, குளிர்ந்த நீரில் எதிர்நீச்சலடிக்கும் மீன்களின் வருகையை இன்றும் நம்பியிருக்கிறது.