அறிவினாவும் ஐயவினாவும்

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூல் பயிலும் இயல்பை வகுத்துரைக்கும் பவணந்தி முனிவர், ஆசிரியரிடம் கேட்ட பாடத்தை நினைந்து போற்றுதலோடு அமையாது, தன்னையொத்த மாணாக்கரோடு கூடி வினாவுதலையும் அவர் வினாவியவற்றுக்கு விடை இறுத்தலையும் மாணாக்கனுக்குரிய கடன்களாக வைத்தார். ஆதலின் படித்ததை மீளப் பயிலுவதற்கென்று வினாக்களை அமைப்பது அச்சிட்ட பரீட்சைத் தாளோடு நம்மிடம் வந்து சேர்ந்த புதுவழக்கமன்று. எனினும் அவ்வினா எப்படி அமைந்தால் பிரயோஜனப்படும் என்று ஆராய்வார் அரியர். தெளிவான வினா என்றால் சுலபமான வினா என்று உபாத்தியாயர் பலர் கருதிவிடுவதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

நன்னூலார் கூறும் அறுவகை வினாக்களுள், விடையைத் தான் அறிந்திருந்தும் பிறன் அறிவானோ என்று சோதிக்கும் பொருட்டு எழுப்புவது அறிவினா. இதுவோ அதுவோ என்னும் சந்தேகத்திற் பிறப்பது ஐயவினா. உபாத்தியாயர் கேட்பது எப்பொழுதும் அறிவினாவே. ஆனால் அதை எதிர்கொள்ளும் மாணவனோ ஐயத்தில் நிற்கிறான். கேட்பவர் தம் அறிவின் பக்கத்தில் நின்றுகொண்டே வாக்கியத்தை அமைத்துவிடுவதால் விளையும் குற்றங்கள் இரண்டு: ஒன்று, விடை தானே வெளிப்பட்டுவிடுவது, மற்றொன்று, கேட்கப்படுவது இன்னதென்றே விளங்காமற் போவது.

முதற்குற்றத்துக்குத் தமிழ் தனியாக இடங்கொடுக்கும் மொழி. அதியமான் நெல்லிக்கனி தந்த செய்தியையொட்டி, "அக்கனியைப் பெற்றவள் யார்?" என்று வினவி, கபிலர், பரணர், ஔவையார், நக்கீரர் என நால்வரை விடையாக நிறுத்தினால், சங்க நூலொன்றையும் தொட்டறியாதவனும் 'அள்' விகுதியைப் பற்றிக்கொண்டு கரையேறிவிடுவான். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில், உயர்திணையென்று துணிந்து, ஆணோ பெண்ணோ என்று துணியாதவிடத்துப் பன்மையாற் கூறுக என்று விதித்தார். ஐயுறுபவனுக்கு அவர் வகுத்த அந்த விதியை ஐயமற்ற உபாத்தியாயரும் மேற்கொண்டு, "பெற்றவர் யார்?" என்று எழுதுவாராயின் குற்றம் நீங்கும். அறிவினா ஐயவினாவின் இலக்கணத்தை உடுத்திக்கொள்ள வேண்டும் என்று யான் வாதிப்பது இது பற்றியே.

இரண்டாவது குற்றத்துக்கு, "மாமல்லபுரத்தைப் பற்றிச் சரியானது எது?" என்பது போதிய உதாரணம். விடைகளைக் கையால் மறைத்துவிட்டுப் படித்தால் இங்கே வினாவே இல்லை என்பது புலனாகும். "அங்குள்ள கடற்கரைக் கோயில் எந்தப் பல்லவ மன்னன் காலத்தில் எழுந்தது?" என்றால் கேள்வி ஒன்றாகிவிடுகிறது, சுலபமாகிவிடவில்லை. பொருந்தா விடைகளாக அக்பரையும் திருமலை நாயக்கரையும் அடுக்குவது வீண்வேலை. மகேந்திரவர்மன், முதலாம் நரசிம்மவர்மன், பரமேசுவரவர்மன், இராஜசிம்மன் என்று ஒரே மரபினரை நிறுத்தினால், ஊரின் பெயரைக் கொண்டு யூகித்து மாமல்லனாகிய முதலாம் நரசிம்மவர்மனைக் குறிக்கும் மாணவன், தன் மயக்கம் எங்கே கிடக்கிறது என்பதைத் தன்னையறியாமலே காட்டிவிடுகிறான். இராஜசிம்மனும் நரசிம்மவர்மன் என்னும் பெயரினனே, அவன் இரண்டாமவன் என்பதை மறுநாட் பாடத்தில் எடுத்துரைக்க வேண்டும் என்று உபாத்தியாயர் அப்பொழுதே குறித்துக்கொள்ளலாம்.

"பின்வருவனவற்றுள் பொருந்தாதது அல்லாதது எது?" என்றாற்போல எதிர்மறையின்மேல் எதிர்மறை ஏற்றும் சாமர்த்தியமோ, சரித்திரத்தைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு வாக்கியத்தைப் பிரித்துப் பொருள் காணும் திறத்தைச் சோதிப்பதாகும், அதற்கு இலக்கண வகுப்பு வேறே இருக்கிறது.