முதுகெலும்பும் நீதிமன்றமும்

1895 செப்டம்பர். அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்த டி.டி.பாமர், தன் கட்டடத்தைத் துப்புரவு செய்த ஹார்வி லில்லார்டின் முதுகெலும்பில் புடைத்திருந்த கணு ஒன்றை அழுத்தினாராம். பதினேழு வருஷமாகக் கேளாத காது கேட்டதாம். கைரோபிராக்டிக்கின் தோற்றக் கதை இது. செவி நரம்போ தண்டுவடத்துக்கு வருவதேயில்லை. அது கிடக்கட்டும். கறுப்பினத் தொழிலாளி ஒருவரின் முதுகின்மேல்தான் இந்த 'அறிவியல்' எழுதப்பட்டது. அவர் சாட்சியமே விளம்பரமாகவும் அச்சேறியது.

உரிமமின்றி வைத்தியம் பார்த்ததாக 1906இல் பாமர் சிறை போனார். மறுவருஷம் விஸ்கான்சின் மாநிலத்து லாக்ராஸ் நகரில் ஷெகதாரோ மொரிகுபோ என்ற ஜப்பானியர் மீது வழக்கு: உரிமமின்றி ஆஸ்டியோபதி செய்தார் என்று. இரண்டும் வேறுவேறு என்று வாதாடினார் வக்கீல் டாம் மாரிஸ். ஜூரிகள் விடுதலை செய்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த வழக்குதான். இந்தத் தொழிலின் தனித்தன்மை நோயாளியின் படுக்கையருகே நிலைநாட்டப்படவில்லை, குற்றவாளிக் கூண்டில்தான் நிலைநாட்டப்பட்டது. 'நோயறிதல்' என்று சொன்னால் மாட்டிக்குவோம், ஆகவே 'பகுப்பாய்வு'. 'சிகிச்சை' கிடையாது, 'சரிசெய்தல்'. சட்டத்துக்குப் பயந்து பிறந்த சொல்லாடல் இது.

வேலை என்னவோ எளியதுதான். விரலால் கணுக்கணுவாகத் தடவி, இறுகிய மூட்டைக் கண்டு, சட்டென்று ஒரு தள்ளு. 'டொக்' என்று கேட்பது எலும்பு இடத்தில் உட்காரும் சத்தமில்லை. மூட்டுத் திரவத்துக்குள் வாயு செய்யும் வேலை.

1913இல் கன்சாஸ் உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசி மாநிலமான லூசியானா 1974இல். இடையில் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1963இல் 'போலி மருத்துவ'க் குழு அமைத்து இதை ஒழிக்கப் பார்த்தது. 1976இல் வில்க் என்பவரும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 1987இல் நீதிபதி கெட்சென்டானர் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஆனால் அது வணிகப் போட்டிச் சட்டத்தின்படி வந்த தீர்ப்பு. முறை அறிவியலா என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை.

இடுப்பு வலிக்கு ஓரளவு பலன் உண்டு என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. கழுத்தைத் திருகும்போது அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததும் பதிவாகியிருக்கிறது. முதுகு வலி என்று வருகிறவருக்கு எலும்புக் காசமோ புற்றுநோயோ இருக்கலாம். தொடையிடுக்கு மரத்து, சிறுநீர் கட்டிக்கொண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். ஆக, யாரைத் தொடக்கூடாது என்று தெரிய, அன்று கோர்ட்டில் மறுத்த அதே நோயறிதலைத்தான் கைரோபிராக்டர் முதலில் செய்தாக வேண்டியிருக்கிறது.