எட்வர்ட் கார்பென்டர்

எட்வர்ட் கார்பென்டர் (1844–1929) ஆங்கில எழுத்தாளர், கவிஞர், சோசலிசவாதி. தன்பாலீர்ப்பு நோயுமல்ல, குற்றமுமல்ல, மனித இயல்பின் ஒரு கூறு என்று இங்கிலாந்தில் வெளிப்படையாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர். இலங்கைத் தமிழ்த் தலைவர் சர் பொன்னம்பலம் அருணாசலத்தின் நெடுநாள் நண்பர்.

இளமை

பிரைட்டனை அடுத்த ஹோவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார். மனம் ஒப்பாமல் 1874இல் அப்பொறுப்பைத் துறந்து, வடஇங்கிலாந்தின் தொழில்நகரங்களில் உழைக்கும் மக்களுக்கு விரிவுரையாற்றச் சென்றார். வால்ட் விட்மனின் கவிதைகளில் தோய்ந்தவர், 1877இல் அமெரிக்கா சென்று அவரை நேரில் கண்டார்.

மில்தார்ப் வாழ்க்கை

தந்தை விட்டுச்சென்ற பணத்தில் ஷெஃபீல்டுக்கு அருகே மில்தார்ப்பில் நிலம் வாங்கிக் காய்கறி பயிரிட்டார். இந்தியாவில் இருந்த நண்பர் ஒருவர் காஷ்மீர்ச் செருப்பு ஒரு ஜோடி அனுப்பிவைக்க, அதைப் பார்த்தே தோல் வெட்டித் தைக்கப் பழகினார். பின்னர் செருப்புத் தைத்து விற்கவும் செய்தார். சேரியில் வளர்ந்த தொழிலாளி ஜார்ஜ் மெரிலை 1891இல் சந்தித்தார். 1898 முதல் இருவரும் மில்தார்ப் வீட்டில் ஊரறிய ஒன்றாக வாழ்ந்தனர்.

அருணாசலத்துடன் நட்பு

கேம்பிரிட்ஜில் அறிமுகமான அருணாசலம் வழியே பகவத் கீதை கார்பென்டருக்குக் கிடைத்தது. 1890இல் இலங்கை வந்த அவரை, அருணாசலம் தம் குருவான இராமசாமி என்ற தமிழ் ஞானியிடம் அழைத்துச் சென்றார். அந்த அனுபவம் 1892இல் வெளிவந்த கார்பென்டரின் பயணநூலில் முக்கிய இடம் பெற்றது. அருணாசலம் மறைந்த பின் அவருடைய கடிதங்களைத் தொகுத்து 1927இல் வெளியிட்டவரும் கார்பென்டரே.

எழுத்தும் சட்டமும்

ஆண்களுக்கிடையிலான பாலுறவுச் செயல்கள் அனைத்தையும் குற்றமாக்கும் சட்டத்திருத்தம் 1885இல் நிறைவேறியது. ஒருபால் காதல் பற்றிய கார்பென்டரின் சிறுநூல் 1895 தொடக்கத்தில் தனிச்சுற்றுக்காக அச்சானது. சில மாதங்களில் அச்சட்டத்தின்கீழ் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். அச்சம் பரவியது. கார்பென்டரின் அடுத்த நூலை வெளியிட ஒப்புக்கொண்டிருந்த லண்டன் பதிப்பாளர் பின்வாங்கினார். மான்செஸ்டரின் தொழிலாளர் அச்சகம் 1896இல் அதை வெளியிட்டது.

ஆண், பெண் என்ற இரு வகைக்கும் இடைப்பட்ட இயல்பினர் பற்றிய 'இன்டர்மீடியட் செக்ஸ்' என்ற நூல் 1908இல் வந்தது. உடலுறவைப் பற்றி அடக்கியும் அன்பைப் பற்றி விரித்தும் எழுதும் நிதானம் அவருக்குக் கேடயமாயிற்று. மறு ஆண்டே அவரைத் தூற்றித் துண்டுப்பிரசுரங்கள் கிளம்பியபோதும் வழக்கு எதுவும் தொடரப்படவில்லை.

தாக்கம்

1913இல் மில்தார்ப் சென்ற எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர், கார்பென்டர், மெரில் இருவரின் வாழ்க்கையால் தூண்டப்பட்டு 'மாரிஸ்' நாவலை எழுதினார். ஆண் காதலர்கள் இருவர் இறுதியில் இணையும் அந்நாவல், ஃபார்ஸ்டர் மறைந்த பின் 1971இல்தான் அச்சேறியது. பாலியல் உளவியலை ஆராயப் பிரிட்டனில் தொடங்கப்பட்ட சங்கத்தின் முதல் தலைவரும் கார்பென்டரே.

1922இல் கார்பென்டரும் மெரிலும் கில்ட்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தனர். மெரில் 1928இல் இறந்தார். கார்பென்டர் 1929 ஜூன் 28 அன்று காலமானார். இருவரும் அங்கே ஒரே கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். வயதுவந்த ஆண்கள் இருவர் தனிமையில் மனமொத்து உறவு கொள்வது குற்றமல்ல என இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வந்தது 1967இல்.